துண்டு கையில் இருந்தால் நகைக்கு ஒரு சாட்சி



வலை வாங்க, இயந்திரம் திருத்த, பிள்ளையின் வகுப்புக் காசு கட்ட, ஆஸ்பத்திரிக்கு ஓட என்று எந்த அவசரத்திலும் முதலில் கழற்றப்படுவது பெண்ணின் நகைதான். ஓலைத்தொடுவாய், பேசாலை போன்ற கரையோரக் கிராமங்களில் தொழிலுக்குப் போகமுடியாத காற்றுக் காலம் வந்தால் காப்பும் சங்கிலியும் அடைவுக்குப் போய்விடும். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்கோ அது ஒன்றுதான் சேமிப்பு.

அடைவு வைக்கும்போது வட்டி எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறோம். நகை எங்கே வைக்கப்படும், எப்படிப் பொதி செய்யப்படும், தொலைந்தால் யார் பொறுப்பு என்று கேட்பவர் மிகச் சிலரே. இம்மாதம் அதைப் பார்ப்போம்.

இலங்கையில் அடகு பிடிப்பதற்கென 1942 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தனியார் அடைவு கடை நடத்துபவர் பிரதேச செயலகத்தில் உரிமம் பெறவேண்டும். வைப்பவருக்குத் துண்டு கொடுக்கவேண்டும். பதிவுப் புத்தகம் வைத்திருக்கவேண்டும். வங்கிகளையும் நிதிக் கம்பனிகளையும் மேற்பார்வை செய்வது இலங்கை மத்திய வங்கி.

சட்டம் இப்படி இருந்தாலும் நம்மில் பலர் கடைக்கும் போவதில்லை, வங்கிக்கும் போவதில்லை. ஓலைத்தொடுவாயில் நடந்த மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில் ஒரு தாய் சொன்னார்: "தெரிஞ்ச ஆளிட்டத்தான் வச்சனான் பிள்ளை. துண்டு கேட்டா, தன்னை நம்பேல்லை எண்டு கோவிப்பார்." பக்கத்தில் இருந்த இன்னொருவர், "அந்த ஆள் அதைக் கொண்டுபோய்ப் பாங்கில வச்சிட்டா என்ன செய்வியள் அக்கா?" என்று கேட்டார். அந்தத் தாயிடம் பதில் இல்லை. நியாயமான கேள்விதான். நம்மிடம் கூடிய வட்டிக்கு வாங்கிய நகையைக் குறைந்த வட்டிக்கு இன்னோர் இடத்தில் மறு அடைவு வைப்பவர்கள் உண்டு. அங்கே நகை அவருடைய பெயரில் கிடக்கும். அவர் கட்டாவிட்டால் ஏலத்தில் போவது நம்முடைய தாலிக்கொடி.

எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதை யுத்தம் நமக்கு மிகக் கொடுமையாகக் கற்பித்திருக்கிறது. 1994 இல் தொடங்கப்பட்ட தமிழீழ வைப்பகத்தில் வன்னி மக்கள் நகைகளை அடைவு வைத்தார்கள். மன்னார்ப் பெருநிலப்பரப்பில் வாழ்ந்த பெண்களும் அவர்களில் அடங்குவர். 2009 இல் யுத்தம் முடிந்தபோது அந்த நகைகளில் ஒரு பகுதி இராணுவத்தின் கைக்குப் போனது. 2014 இல் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, அடையாளம் காணப்பட்ட உரிமையாளர்கள் சிலருக்கு நகைகளைத் திருப்பிக் கையளித்தார். மிகுதியாகத் தன்னிடம் இருந்த தங்கம், வெள்ளிப் பொருட்களை இராணுவம் 2025 மே மாதத்தில்தான் பொலிசாரிடம் ஒப்படைத்தது. பதினாறு வருடங்கள்!

உரியவர் இன்னார் என்று தெரிந்தால்தான் நகை வீடு திரும்பும். இடப்பெயர்வில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் துண்டைத் தேடியிருக்க முடியாது. அது அவள் குற்றமல்ல. ஆனால் இன்றும் பழைய பெட்டிக்குள், பைபிளுக்குள், அடையாள அட்டை உறைக்குள் அப்படி ஒரு துண்டு கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? பிரித்தானியாவில் 1872 ஆம் ஆண்டுச் சட்டமே, அடகு கடை தீப்பற்றி எரிந்தாலும் பொருளின் பெறுமதிக்குக் கடைக்காரர் பொறுப்பு என்று சொன்னது. இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் புதிய விதிகளை வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 க்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன்படி நகையை வைப்பவரின் கண்முன்னே நிறுத்துத் தரம் பார்க்கவேண்டும். மொத்த நிறை, கழிவு, தேறிய நிறை, ஏற்கெனவே உள்ள சேதம் ஆகியவற்றை எழுதி ஒரு பிரதி கொடுக்கவேண்டும். நகையைப் பாதுகாப்புப் பெட்டக வசதியுள்ள தம் சொந்தக் கிளையில் வைக்கவேண்டும். கடனைக் கட்டி முடித்தபின் ஏழு வேலை நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்காமல் தம் தவறால் பிந்தினால், நாளொன்றுக்கு 5,000 இந்திய ரூபாய் நட்டஈடு. நாமும் கேட்கவேண்டியவை இவைதான்.

அடைவு வைக்கப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. தனியார் கடையானால் இந்த வருடத்து உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

2. நகையை உங்கள் முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள். துண்டில் "சங்கிலி 1" என்று மட்டும் எழுதினால் போதாது. நிறை, தரம், கல் இருந்தால் அதன் விபரம், கடன் தொகை, வட்டி, மீட்கவேண்டிய திகதி எல்லாம் இருக்கவேண்டும்.

3. உங்கள் முன்னாலேயே பொதி செய்து ஒட்டச் சொல்லுங்கள். எங்கே வைக்கப்படும், காப்புறுதி உண்டா என்று கேளுங்கள்.

4. உங்கள் பெயரிலேயே வையுங்கள். முகவரி மாறினால் அறிவியுங்கள். ஏல அறிவித்தல் பழைய வீட்டுக்குப் போய்ப் பயனில்லை.

5. நகையையும் துண்டையும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். துண்டின் பிரதி ஒன்றை நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

6. மீட்கும்போது அங்கேயே பிரித்து, நிறுத்துப் பார்த்தபின் கையெழுத்து வையுங்கள்.

வங்கி, நிதிக் கம்பனி பற்றி முறைப்பாடு இருந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுங்கள். தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். தனியார் கடை என்றால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

துண்டு கேட்பது அவமரியாதை அல்ல, சகோதரிகளே. நேர்மையாகத் தொழில் செய்பவர் அதற்குக் கோவிக்கமாட்டார். கோவிப்பவரிடம் உங்கள் நகையைக் கொடுக்காதீர்கள்.