கேள்வியை யார் எழுதுவது?

மனநோய் பற்றிய ஆய்வுகளில் அந்நோயை அனுபவித்தவர்கள் பெரும்பாலும் பதில் சொல்ல மட்டுமே அழைக்கப்படுகிறார்கள். கேள்வி எழுதும் இடத்திலும் அவர்கள் அமர வேண்டும் என்பதே என் கருத்து.

2004 சுனாமிக்குப் பின் வெளிநாட்டு ஆய்வாளர் பலர் தம் நாட்டில் தயாரித்த வினாக்கொத்துகளையே மொழிபெயர்த்து இங்கு கொண்டுவந்தனர். உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோவோ பாதிக்கப்பட்டோரின் கதைகளை முதலில் கேட்டு, அவற்றிலிருந்தே கேள்விகளை அமைத்தார். கெட்ட கனவுகளை விட, குடும்பத்திலும் ஊரிலும் தமக்குரிய இடத்தை இழந்ததே பலருக்குப் பெரும் வேதனை எனத் தெரிந்தது.

நம் சமூகத்தையே பாருங்கள். இத்தா இருக்கும் பெண்ணிடம், "கடந்த மாதம் வெளியே செல்வதைத் தவிர்த்தீர்களா?" என்று கேட்டால், "ஆம்" என்றுதான் சொல்வார். அது நோயல்ல, நான்கு மாதம் பத்து நாள் மார்க்கக் கடமை. மறுபுறம், பிள்ளைக்குச் சோறூட்டவும் மனமின்றிப் படுத்திருப்பவரை, "ஈமான் குறைவு", "ஜின் பிடித்திருக்கு" என்கிறோம். இந்த வேறுபாட்டை, அந்நிலையைக் கடந்து வந்த நம் பெண் ஒருவரால் எளிதில் எடுத்துக்காட்ட முடியும்.

"அவர்களால் தெளிவாகச் சிந்திக்க முடியுமா?" எனச் சிலர் கேட்கலாம். சுகமடைந்து வீட்டையே நடத்துபவர்களுக்கு ஒரு வினாக்கொத்தைத் திருத்த இயலாதா? 2016இல் இலங்கை ஏற்றுறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயமும் அவர்களைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. மஷூரா நமக்குப் புதிதுமல்ல.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கல்யாணப் பேச்சு தடைப்படும் என்று மகளின் நோயை மறைக்காதீர்கள். வீட்டிலேயே பேச முடியாதவள் ஆய்வாளர் முன் எப்படிப் பேசுவாள்?