பதநீரும் ஐயப்பாடும்

சென்ற கோடை விடுமுறையில் சாயல்குடிச் சாலையருகே முதியவர் ஒருவர் தம் பதநீர்க் குடத்தை மண்ணிற் கவிழ்க்குமாறு பணிக்கப்பட்டதை யாம் கண்டோம். கள் என்பது ஐயம். கவிழ்ந்த குடத்தின் அடியிலோ சுண்ணாம்பு வெள்ளெனப் படிந்திருந்தது.

இராமநாதபுரத்து வறண்ட கரையில் மழை பொய்க்கினும் பனை பொய்ப்பதில்லை. ஏறுவோன் காலையும் மாலையும் பாளை சீவிக் கலயம் கட்டுகின்றான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவின் ஊறுவது பதநீர். தடவாவிடின் சில நாழிகைக்குள் அது புளித்துக் கள்ளாகும். சட்டத்திற்கும் குற்றத்திற்கும் இடைநிற்பது ஒரு விரற் சுண்ணாம்பே!

1987-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் கள் விலக்கப்பட்டுள்ளது. 2003 முதல் அரசே ஏனைய மதுவகைகளைச் சில்லறையாக விற்பதன் பொருத்தத்தை யாம் ஈண்டு ஆராயப் புகவில்லை; கள்ளுக்கடை திறக்க வேண்டுமென்பதும் எம் கருத்தன்று. குடத்தைச் சோதித்தறிந்த பின்னரே கவிழ்க்க என்பதே எம் வேண்டுகோள். கஞ்சாச் செடியையே உத்தராகண்ட அரசு, போதைச் சத்து நூற்றுக்கு 0.3 பங்குக்கு மிகாதெனின், நாருக்காகப் பயிரிட 2018-இல் உரிமம் அளித்தது. அச்செடிக்கு ஓர் அளவுகோல் உண்டெனின் பதநீருக்கு ஏன் இருத்தலாகாது?

கடுமை காட்டவேண்டிய இடம் வேறொன்றுண்டு. வெள்ளைச் சீனியைக் கலந்து காய்ச்சி, கருப்பட்டியென விற்போர் பலர். விறகும் உழைப்பும் செலவிட்டுத் தூயதைக் காய்ச்சுவோன் அவ்விலைக்கு விற்க இயலாமல் தொழிலையே கைவிடுகின்றான். பதநீர்க் குடத்தின்மேற் செல்லும் கண் இக்கலப்படத்தின்மேலும் செல்லுமாயின் நன்று.

2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியர் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்றும், நியாயவிலைக் கடைகளிற் கருப்பட்டி விற்கப்படும் என்றும் அரசு அறிவித்தது. இரண்டும் நல்லனவே. ஆயினும் மரம் நிற்க, ஏறுவார் குறைகின்றனர். தவறி வீழ்ந்தாரது குடும்பத்தைக் கண்ட இளைஞர் அரிவாள் தொட அஞ்சிச் சென்னைக்கும் அரபு நாடுகளுக்கும் செல்கின்றனர்; அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை.

எஞ்சியோரிற் பலர் பருவத்திற்கு முன்னரே வணிகரிடம் முன்பணம் பெற்று, அவர் குறித்த விலைக்கே சரக்கை அளிக்கக் கட்டுப்பட்டவர். ஆதலின் கூட்டுறவுச் சங்கங்கள் முன்பணத்தை மாசியிலேயே வழங்கி, பங்குனியிற் கொள்முதலைத் தொடங்குதல் வேண்டும். ஆடி கழிந்து வரும் அதிகாரி காண்பது வணிகர் கிடங்கிலுள்ள கருப்பட்டியையே.