பூட்டிய கதவும் உயிர்த்த ஆண்டவரும்



உயிர்த்த ஆண்டவர் எங்களைத் திடப்படுத்தி வழிநடத்த வேண்டும் என்பதே பாஸ்கா காலத்தில் நம் நாவில் மிகுதியாக ஒலிக்கும் மன்றாட்டு. எதற்காக என்று கேட்டால் பதில் ஆயத்தமாக இருக்கிறது: பிள்ளையின் தேர்வு, வெளிநாட்டு வேலை, வீட்டுக் கடன், தீராத நோய். இவற்றைக் கேட்பது தவறன்று; தந்தையிடம் பிள்ளைகள் கேட்காமல் வேறு யார் கேட்பார்? ஆனால் இவற்றோடு நின்றுவிடுகிறவர், தாம் விரும்பிய இடத்துக்கு ஆண்டவரை வழிநடத்தப் பார்க்கிறார்.

யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சீடர்கள் அஞ்சிக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஆண்டவர் வந்து நடுவே நிற்கிறார், சமாதானம் அளிக்கிறார், காயங்களைக் காட்டுகிறார், தூய ஆவியைத் தந்து அவர்களை வெளியே அனுப்புகிறார். பூட்டிய அறையை வசதியான அறையாக மாற்றித் தர அவர் வரவில்லை.

"சாமி, விசுவாசம் வேறு, சாதி வேறு, அது ஊர் வழக்கம்" என்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இவ்வாரம் எழுதுகிறேன்.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்றோர் ஊர். திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்டன், 1745ஆம் ஆண்டு மே 14 அன்று அங்கேதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். உயர்குலத்தில் பிறந்தவர், எல்லாரும் சமம் என்று சொன்னார், சொன்னபடி வாழ்ந்தார். பதவி போயிற்று, உறவு போயிற்று. சங்கிலியில் கட்டி ஊர் ஊராக இழுத்தார்கள். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். அத்தனை ஆண்டுகளும் அவரைத் தாங்கி நின்றவர் உயிர்த்த ஆண்டவர் அன்றி வேறு யார்? திடப்படுத்துதல் என்பதற்கு நம் மண்ணில் இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அதே வடக்கன்குளத்தில் 1872இல் ஓர் ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்று, கூடங்கள் இரண்டு, நடுவே சாதிச் சுவர். மறைசாட்சி திருமுழுக்குப் பெற்ற ஊரில்! சுவரின் இருபுறமும் அதே பாஸ்கா, அதே நற்கருணை. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. பிரிவினையை விரும்பியோர் மனந்திரும்பவில்லை, வழக்குத் தொடுத்தார்கள். நற்செய்தியில் கிடைக்காத உரிமையை நீதிமன்றத்தில் தேடினார்கள். 1917இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதைத் தரவில்லை.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், இறுதி ஊர்வலம் எந்த வழியே செல்வது என்பதும் அடங்கிய சாதிப் பூசல் முற்றி, 2008 மார்ச்சில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். பூசலிட்ட இரு தரப்பும் கத்தோலிக்கரே. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான், 2003இல், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் கிறிஸ்தவரிடையே சாதி வேற்றுமையின் சாயல்கூட இருத்தலாகாது என்று கண்டித்திருந்தார். 2022 மே 15 அன்று தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, திருச்சபை அவர் பெயரின் பின்னிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிட்டது. நாம் அதைத் திருமண அழைப்பிதழில் தங்க எழுத்தில் அச்சடிக்கிறோம்.

செஞ்சியிலிருந்து நம் கீழ்பென்னாத்தூர் வழியே திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி இரவில் செல்லும் பேருந்தில் ஏறிப் பாருங்கள். மூவர் இருக்கையில் நால்வர் நெருங்கி அமர்வார்கள்; யார் என்ன குலம் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த ஒரு மணி நேரப் பொறுமை திருப்பலிக்கு வரும்போது நமக்கு எங்கே போய்விடுகிறது?

எம்மாவு வழியில் ஆண்டவர் அந்நியராகவே உடன் நடந்தார். மறைநூலை விளக்கினார்; சீடர்களின் உள்ளம் பற்றி எரிந்தது; அப்போதும் அவரை அவர்கள் அறியவில்லை. முன்பின் தெரியாத அவரை வற்புறுத்தித் தங்கச் செய்து, ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண்கள் திறந்தன. வாசற்படியில் நிறுத்தி, "நீர் எந்தத் தெரு?" என்று கேட்டிருந்தால் அவர் அப்படியே கடந்து போயிருப்பார். உயிர்த்தவரோடு நடந்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

வரும் ஞாயிறு திருப்பலிக்கு, வழக்கமாக அமரும் இடத்தை விட்டு, இதுவரை நீங்கள் யார் பக்கத்தில் அமர்ந்ததில்லையோ அவர் பக்கத்தில் அமருங்கள். சமாதானம் பகிரும் வேளையில் அவர் பக்கம் திரும்புங்கள். பீடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.