ஒடியற்கூழும் பத்துப் பேரின் குருதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேடையேறி உணவைப் பற்றிப் பேசுவோர் எவரும் ஒடியற்கூழைப் புகழாது இறங்குவதில்லை. குரக்கன் பிட்டு நீரிழிவை அடக்கும். மொட்டைக்கறுப்பன் சோறு உடலை உரமாக்கும். பனங்கிழங்கு உண்ட பாட்டனார் தொண்ணூறு வயதுவரை ஆசுபத்திரி வாசலை மிதித்ததில்லை. இவையெல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஆயின், அவ்வுண்மை எவ்வாறு அறியப்பட்டது என வினவின், பேசுபவரிடம் பாட்டனாரைத் தவிர வேறு சான்று இராது. பாட்டனார் கூழ் மட்டுமா குடித்தார்? துலா மிதித்தார், தோட்டம் கொத்தினார், சந்தைக்கு நடந்தே போய் வந்தார். அவருடைய மண்வெட்டியைக் கைவிட்டுவிட்ட தலைமுறை அவருடைய கூழுக்கு மட்டும் புகழ்மாலை சூட்டுவது வேடிக்கையே.

புகழ்ச்சியை அளவையாக மாற்றும் வழி அரியதன்று. ஓருணவு குருதியிலுள்ள குளுக்கோசை எவ்வளவுக்கு உயர்த்துகின்றது என்பதை ஒப்பிட்டளக்கும் ‘கிளைசிமிக் சுட்டெண்’ முறையினை ரொறன்ரோவில் டேவிட் யென்கின்சும் அவர்தம் குழுவினரும் 1981இல் வெளியிட்டனர். இரவு முழுவதும் உண்ணாதிருந்த நலமுள்ள ஒருவர், காலையில் 50 கிராம் காபோவைதரேற்று அடங்கிய அளவு உணவை உண்பார். பின்னர் இரண்டு மணி நேரத்துக்குள் குறித்த இடைவேளைகளிலே அவரது விரல் நுனியிலிருந்து குருதித் துளிகள் எடுக்கப்படும். பிறிதொரு நாள் அவரே குளுக்கோசுக் கரைசலை அருந்தி அதே வரிசையில் விரல் நீட்டுவார். இரு நாள் வளைகோடுகளின் பரப்பும் ஒப்பிடப்படும். ஓருணவுக்குப் பத்துப் பேர் போதும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உயிரிரசாயனவியலாளர் இவ்வழியிலே குடாநாட்டுப் பாரம்பரிய உணவுகள் சிலவற்றை அளந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். அவ்வாய்வுகளுக்கு வெறுவயிற்றோடு வந்து விரல் நீட்டியவர்களுக்கே குடாநாடு கடமைப்பட்டுள்ளது. மேடைப் பேச்சாளருக்கு அன்று.

அளந்து பார்த்தால் புகழ்ச்சி சில வேளை பிழைத்துப் போகும் என்பதையும் மறைத்தற்கில்லை. மா நுண்ணியதாகுந்தோறும் சமிபாடு விரைவுறும். ஆகவே குரக்கன் என்ற பெயர் மட்டும் எவரையும் காப்பாற்றாது. அரைத்த விதம், அவித்த விதம், தேங்காய்ப்பூவின் அளவு, உடனுண்ட கறி ஆகிய யாவும் விடையை மாற்றவல்லன. பேச்சாளர் அஞ்சுவது இதற்குத்தான் போலும்.

பிறநாட்டார் ஆய்ந்து எழுதிய நூல்கள் போதாவா என்பார் உளர். போதா என்பதற்குச் சென்னையே சான்று. நீரிழிவின் வாசலில் நிற்போரை உணவு ஒழுங்காலும் உடற்பயிற்சியாலும் காக்கலாமா என்று அமெரிக்கர் 3,234 பேரிடம் ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டனர். அவ்வொழுக்கம் நோய் தோன்றும் வீதத்தை 58 சதவீதத்தாலும், மெற்போமின் மாத்திரை 31 சதவீதத்தாலும் குறைத்தன. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் 531 பேரிடம் இதையொத்த ஆய்வை நடத்தி 2006இல் வெளியிட்டபோது கணக்கு வேறாயிற்று: ஒழுக்கத்தால் 28.5, மாத்திரையால் 26.4, இரண்டையும் சேர்த்தும் 28.2 சதவீதமே. அமெரிக்கர் நாளிரு வேளை 850 மில்லிகிராம் கொடுத்தனர். சென்னையிலோ 250 மில்லிகிராமே கொடுக்கப்பட்டது. எவ்வகைத் தடுப்பும் பெறாதோருள் மூன்றாண்டில் 55 சதவீதத்தினர் நீரிழிவுற்றனர். சென்னையார் அமெரிக்கரைப் போற் பருத்தவருமல்லர். 531 பேர் ஏறத்தாழ முப்பது மாதங்கள் தம்மை அளக்க ஒப்புக்கொடுத்திராவிடின், தமிழர் உடலைப் பற்றிய இச்செய்தி எந்த நூலிலும் இடம்பெற்றிராது.

“நாங்கள் என்ன சோதனை எலிகளா?” என்ற கேள்வி இவ்விடத்து எழும். அக்கேள்வி வீண் அச்சத்திற் பிறந்ததன்று. அமெரிக்காவின் தஸ்கிகியிலே ஏறத்தாழ 600 கறுப்பின ஆடவரை 1932 முதல் 1972 வரை ஏமாற்றி, மேகநோயுற்றோருக்கு மருந்து கிடைத்த பின்னரும் அதனைக் கொடாது வைத்திருந்து பார்த்த கொடுமையை உலகம் மறந்துவிடவில்லை. ஆனால் எலிக்கும் தொண்டருக்கும் உள்ள வேறுபாடு ஊசியில் இல்லை. என்ன செய்யப்போகின்றார்கள் என்பதை அறிந்து ‘ஆம்’ என்பதிலும், நினைத்த நாளில் காரணம் கூறாது எழுந்து போகும் உரிமையிலுமே அஃது உள்ளது.

அவ்வுரிமை பல்கலைக்கழகத்துள்ளே இருக்கின்றதா என்பதே பேச்சாளரை விட்டு ஆய்வாளரை நோக்கிக் கேட்கவேண்டிய கேள்வி. விரிவுரையாளர் தம் வகுப்பில் நின்று “பத்துப் பேர் தேவை” என்கின்றார். அவரே வினாத்தாள் தயாரிப்பவர், அவரே புள்ளியிடுபவர். கை உயர்த்தும் மாணவனின் மனத்தில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு பயம் என்று எந்தக் கருவி அளந்து சொல்லும்? உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் உருவாகிப் பன்முறை திருத்தப்பட்டது. ஆய்வாளரைச் சார்ந்து நிற்போரிடம் சம்மதம் பெறுகையிற் தனி எச்சரிக்கை வேண்டும் என்பதை அது தெளிவாகவே கூறுகின்றது. ஒப்பப் படிவத்தில் இட்ட கையெழுத்து இக்குறையை நீக்கிவிடாது.

எனவே தம் மாணவரை அழைக்கும் விரிவுரையாளர் முதலில் தம் சக விரிவுரையாளரை அழைக்கட்டும். வயிறு பருத்து, படியேற மூச்சு வாங்கி, ஐந்நூறு யார் தூரத்துக்கும் மோட்டார் சைக்கிளை உதைக்கும் அறிஞர்கள் ஆய்வுக்கு மிக ஏற்ற உடல் வாய்ந்தவர்கள். அடுத்து, மருத்துவ பீடத்துப் பரீட்சகரின் பேனாவுக்கு அஞ்ச வேண்டாத கலைப்பீடத்தார் வரட்டும். பனையைக் கற்பகதருவென்று ஆண்டுதோறும் கட்டுரை வரைபவர்கள் அவர்களே. ஒடியற்பிட்டுக்காக இரண்டு காலை வேளைகளைக் கொடுப்பது அவர்களுக்குப் பெருஞ்சுமையாகாது.

விரல் நீட்டியவருக்கு விடை கிடைத்தல் வேண்டும் என்பதும் உடன் சொல்லத்தக்கது. குடாநாட்டுப் பிட்டைக் குடாநாட்டார் உண்டு பெறப்பட்ட முடிவு, ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் நான்கு பக்கமாக அச்சாகி ஆய்வாளரின் பதவியுயர்வுக் கோவைக்குள் அடங்கிவிடுகின்றது. குருதி கொடுத்தவரும், அவருடைய தாயாரும், அடுத்த வீட்டு நீரிழிவு நோயாளரும் எந்தப் பிட்டை எவ்வளவு உண்ணலாம் என்பதைப் பழையபடி மேடைப் பேச்சாளரிடமே கேட்டறிகின்றனர். ஆய்வு முடிந்த மூன்று மாதத்துள் அதன் முடிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதிப் பங்குகொண்ட ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தல், ஒப்பப் படிவத்திலேயே எழுதப்படவேண்டிய நிபந்தனையாகும். அத்தாளை எழுதித்தரத் தமிழ்ச் சங்கத்தாருள் ஆளில்லாமற் போகாது.