நம் முற்றத்து மரம் நமக்கு மட்டுமா?



'மரமில்லா மலை, நீரில்லா ஆறு' என்று வேலூரைக் கேலி செய்வார்கள். கத்திரி வெயிலில் லாங் பஜாருக்குச் சென்று திரும்புவோர் 'நிழலில்லா வீதி' என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்வார்கள். பஜாரை ஒட்டிய சந்துகளில் எஞ்சியிருப்பது, வீட்டு மதிலைத் தாண்டித் தலைநீட்டும் வேம்பின் நிழல்தான். கார் நிறுத்த இடமில்லை, இலை குப்பையாகிறது என்று அதையும் நாம் ஒவ்வொன்றாக வெட்டி வருகிறோம்.

கேட்டால், "என் பட்டா, என் மரம்" என்கிறோம். சட்டமும் ஏறத்தாழ நம் பக்கமே நிற்கிறது. அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் தனியார் மரங்களையும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. சமவெளி நகரத்தில், சந்தனம் போன்ற சில மரங்கள் நீங்கலாக, முற்றத்து மரத்தைக் காக்க அத்தகைய சட்டம் இல்லை. ஆபத்தான மரத்தை அகற்றச் சொல்லும் அதிகாரம் மட்டும் நகராட்சிக்கு நெடுங்காலமாக உண்டு. மரத்தின் ஆபத்தை அறிந்த சட்டம் அதன் பயனை அறியவில்லை!

'என்னுடையது' என்னும் வாதம் நமக்குப் புதிதன்று. நம் ஆலை, நம் கழிவு என்றிருந்த காலத்தில்தான் பாலாறு கெட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தீங்கு நேருமுன் தடுப்பதும், மாசு செய்தவரே ஈடு செய்வதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டப்பட்டது. அந்த வழக்கு வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்டு வாழ்ந்த சமூகம் மரத்தின் கடனை மறக்கலாமா?

அனுமதி என்றால் அலைக்கழிப்பும் கையூட்டும்தானே என்னும் அச்சம் நியாயமானது. அதற்கும் வழி உண்டு. 1994ஆம் ஆண்டு தில்லிச் சட்டத்தின்படி, சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி தேவை. ஆனால் அதிகாரி 60 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உடனடி ஆபத்தாக நிற்கும் மரத்தை உடனே வெட்டிவிட்டு, 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் போதும். இத்தகைய விதியைத்தான் நாம் தமிழகத்திலும் கோருகிறோம். மீறினால் என்ன ஆகும்? மதுரா அருகே நில உரிமையாளர் ஒருவர் அனுமதியின்றி வெட்டிய 454 மரங்களுக்கு, மரத்துக்கு 1 லட்சம் ரூபாய் வீதம் அபராதத்தை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

மார்க்கம் இரு பக்கமும் பேசுகிறது. மக்களுக்கு இடையூறாயிருந்த மரத்தை வழியிலிருந்து அகற்றியவர் சுவனத்தில் உலவுவதைக் கண்டதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். நட்ட மரத்திலிருந்து பறவையும் மனிதரும் கால்நடையும் உண்பதெல்லாம் நட்டவருக்கு ஸதகா என்றும் அவர்களே கற்பித்தார்கள். ஆகவே தீங்கு தரும் மரத்தை அகற்றுவது நன்மை. தீங்கற்ற மரத்தை வசதிக்காக வீழ்த்துவதோ, நம் பாட்டனார் விட்டுச் சென்ற ஸதகாவை நாமே நிறுத்துவதாகும்.

சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். கோடரியை எடுக்குமுன், அந்த நிழலில் தள்ளுவண்டியை நிறுத்துபவரிடம் ஒரு வார்த்தை கேட்போம். பட்டா நம் பெயரில் இருக்கலாம். மரம் அல்லாஹ்வின் அமானிதம். அதற்கான கேள்வி தாலுகா அலுவலகத்தோடு முடிவதில்லை.