அழகு சாதனமும் அண்ணாச்சி கடையும்

மளிகைக் கடை என்றால் அரிசி, பருப்பு, புளி, மிளகாய் என்றுதான் ஊரார் நினைக்கிறார்கள். நாமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் காலையில் கடை திறந்தது முதல் இரவு கல்லாவைப் பூட்டும் வரை வருகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று ஒரே ஒரு நாள் தாளில் குறித்துப் பாருங்கள். குளியல் சோப்பு, ஷாம்பு பாக்கெட், சீயக்காய்த் தூள், தேங்காய் எண்ணெய், பூசு மஞ்சள், முகப் பவுடர், கண் மை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். உடம்புக்கும் தலைக்கும் முகத்துக்கும் வேண்டியதை நம்மிடம்தான் மக்கள் வாங்குகிறார்கள். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைகளுக்குப் போகத் தயங்குகிறவர்களும், போகக் கையில் பணம் இல்லாதவர்களும் நம்மை நம்பித்தான் வருகிறார்கள்.

இந்த வியாபாரத்தை நாம் போதுமான கவனத்துடன் செய்கிறோமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

அழகு சாதனத்தை ஏழைக்கு எட்டும் விலையில் கொண்டு வந்ததில் நம் மாநிலத்துக்குத் தனிப் பெருமை உண்டு. புட்டியில் மட்டுமே ஷாம்பு விற்ற காலத்தில், சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டியவர்களில் முக்கியமானவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் ரூ.15,000 முதலீட்டில் தனியாகத் தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்புவைக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார். காலி பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் புது பாக்கெட் இலவசம் என்றார். 1999-ல் ஐம்பது காசுக்கே பாக்கெட் கொடுத்தார். பெரிய கம்பெனிகளெல்லாம் பிறகு அந்த வழிக்கு வந்து சேர்ந்தன. இந்த வெற்றியில் நமக்கும் பங்கு உண்டு. விட்டத்தில் சரம் சரமாகத் தொங்கவிட்டு, கேட்டவருக்கு ஒன்று கிழித்துக் கொடுத்த கடைக்காரர் இல்லாவிட்டால் அந்தச் சரக்கு கிராமத்துக்குள் நுழைந்திருக்காது.

சிறு பாக்கெட் என்றால் ஏழை ஏமாறுகிறார் என்று சொல்வாரும் உண்டு. ஷாம்புவைப் பொறுத்தவரை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது. ஆறு மில்லி பாக்கெட் இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முப்பது பாக்கெட்டில் 180 மில்லி அறுபது ரூபாய்க்குக் கிடைத்துவிடும். அதே ஷாம்புவின் 180 மில்லி புட்டி பல சமயம் இதைவிடக் கூடுதல் விலையில்தான் இருக்கும். ஆனால் எல்லாச் சரக்கிலும் இப்படி இல்லை. எண்ணெயிலும் முகப் பூச்சிலும் பெரிய அளவே லாபமாக இருப்பது உண்டு. உறையில் உள்ள விலையை அளவால் வகுத்து, 'அம்மா, உங்களுக்கு இதுதான் கட்டுபடியாகும்' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே வாடிக்கையாளர் மறுபடியும் நம் படி ஏறுவார்.

சோப்பும் அப்படித்தான். எல்லாம் ஒரே மாதிரி மின்னும் உறையில் வருவதால் விலை குறைந்ததே மலிவு என்று மக்கள் நினைக்கிறார்கள். உறையின் பின்பக்கத்தைத் திருப்பினால் கொழுப்பு அமிலச் சத்து எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். 'டி.எஃப்.எம்.' என்று குறிப்பிடுவது அதைத்தான். இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரக் குளியல் சோப்பில் அது குறைந்தது 76 சதவீதம் இருக்க வேண்டும். இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. 'பேதிங் பார்' என்று அச்சிட்டு வருபவை வேறு வகை, அவற்றில் 40 சதவீதம் இருந்தாலே போதும். சத்துக் குறைந்த கட்டி பெரும்பாலும் தண்ணீரில் சீக்கிரம் கரைந்து கூழாகிவிடும். இரண்டு ரூபாய் குறைவாக வாங்கியவர் மாதத்தில் ஒரு கட்டி கூடுதலாக வாங்க வேண்டி வரும். இதை நாமே தெரிந்துகொள்ளாமல் வாடிக்கையாளருக்கு எப்படிச் சொல்ல முடியும்?

நம் கையிலேயே உள்ள சரக்கை நாம் மறந்துவிட்டதையும் சொல்ல வேண்டும். பச்சைப்பயறு, கடலை மாவு, சீயக்காய், வெந்தயம், கொங்கு வட்டாரத்தில் அரப்பு, நாட்டு மருந்துச் சரக்கில் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், உலர்ந்த ரோஜா மொட்டு. இவற்றில் சிலவற்றைச் சேர்த்து அரைத்தால் நலங்கு மாவு. பிறந்த குழந்தை முதல் மணப்பெண் வரை பூசிக் குளித்த பொருள் இது. இன்று இதையே அழகான டப்பாவில் அடைத்துப் பல மடங்கு விலைக்கு நகரத்தில் விற்கிறார்கள். நம் கடையிலோ பச்சைப்பயறு ஒரு மூலையிலும் பூலாங்கிழங்கு வேறொரு டப்பாவிலும் கிடக்கின்றன. கேட்டால்தான் எடுக்கிறோம். சேர்த்து ஒரு தொகுப்பாக முன்னால் வைத்தால் கேட்காதவரும் கேட்பார்.

ஆனால் இதிலும் நாணயம் வேண்டும். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்கு தாராளமாக விற்பனையாகிறது. நல்ல கஸ்தூரி மஞ்சள் உள்ளே வெளிர் நிறமாக இருக்கும், கற்பூரம் கலந்தாற்போல் மணக்கும். அடர் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈய குரோமேட் கலப்பது பழைய மோசடி. ஈயம் விஷம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கூடுமானவரை கிழங்காகவே கொள்முதல் செய்து, தெரிந்த மில்லில் அரைத்து வாங்குவதே பாதுகாப்பு.

அடுத்தது பயணக்காரர்கள். பேருந்து நிலையம், ரயிலடி, கோயில் வாசல் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வியாபாரம். இராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, உப்பு நீர் ஊறிய தலையுடன் வருகிறவருக்கு ஒரு ஷாம்பு பாக்கெட் வேண்டும். பழனியில் மொட்டை போட்டவருக்குச் சந்தனம் வேண்டும். மறந்து வந்தவருக்குச் சின்ன சோப்பு, சின்ன எண்ணெய், சின்ன பற்பசை வேண்டும். பெரியது வாங்கிப் பையில் கொட்டிக்கொள்ள யாரும் விரும்புவதில்லை. வெளிநாட்டு விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவமோ கிரீமோ கொண்டுபோக முடியாது, கட்டிச் சோப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இந்தச் சின்ன விவரத்தைச் சொல்லிக் கொடுக்கும் கடைக்காரரை அந்த வீட்டார் மறக்க மாட்டார்கள். குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று தடை இருப்பதையும் வாங்குகிறவரிடம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

பயணக்காரர் நாளை வரப்போவதில்லை என்ற எண்ணத்தில் உறையில் உள்ள விலைக்கு மேல் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சேர்த்து வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்குவது குற்றம். அதைவிட, 'அந்த ஊர்க் கடைக்காரர்களே அப்படித்தான்' என்ற கெட்ட பெயர் அவரோடு ஊர் போய்ச் சேரும். ஒருவர் வாங்கும் இரண்டு ரூபாய்க்கு நாம் எல்லோரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி மனதை உறுத்தும் விஷயத்துக்கு வருவோம். நம்மில் பலரிடம் தோள் பையுடன் ஒருவர் வந்திருப்பார். வெளிநாட்டு எழுத்து அச்சிட்ட சின்ன டப்பா. 'ஏழு நாளில் சிவப்பு நிறம்' என்பார். நாற்பது ரூபாய்க்குக் கொடுப்பார், நூற்றைம்பதுக்கு விற்கலாம் என்பார். பில் கிடையாது. சோப்பில் ஒரு ரூபாய் கிடைப்பதே பெரிது என்றிருக்கும் நமக்கு இது ஆசை காட்டும் லாபம்தான். நம் வட்டாரத்து வியாபாரி ஒருவர் இப்படி வாங்கி விற்றார். பள்ளிக்கூடப் பையோடு மிட்டாய் வாங்க வந்த காலத்திலிருந்து அவர் பார்த்து வளர்ந்த பெண், கல்யாணத்துக்கு முன்பு அந்தக் கிரீமை வாங்கிப் பூசினாள். முகம் சில நாள் வெளுத்தது. பிறகு சிவந்து தடித்துக் கறுத்துவிட்டது. அந்தப் பெண்ணின் தாயார் கடையில் வந்து சத்தம் போடவில்லை. 'அண்ணாச்சி, நீங்க கொடுத்தீங்கன்னுதான் வாங்குனோம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாதாமாதம் அந்த வீட்டுக்குப் போன மளிகைச் சீட்டு அத்தோடு நின்றுபோனது. நூற்றுப்பத்து ரூபாய் லாபத்துக்கு இருபது வருட உறவு விலையாகப் போயிற்று. அவரைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. அந்த டப்பா நம்மில் எத்தனை பேர் கடையில் இருந்தது என்பது நமக்கே தெரியும்.

இப்படிப்பட்ட கிரீம்கள் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோலில் நிறம் உண்டாவதைத் தடுப்பதால்தான் முகம் வெளுக்கிறது. தோல் வழியாக உள்ளே போகும் பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் மலப்புறம் பகுதியில் 2023-ல் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டு விதிப்படி முகப் பூச்சில் பாதரசத்தை வேண்டுமென்று சேர்க்கக்கூடாது, தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, சில அடையாளங்கள் போதும். தயாரித்தவர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், தொகுதி எண், காலாவதித் தேதி, சேர்மானங்கள் இல்லாவிட்டால் தொடாதீர்கள். இறக்குமதிச் சரக்கில் இறக்குமதி செய்தவர் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 'தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்' என்று எழுதியிருந்தால் உள்ளே பாதரசம் இருக்கலாம் என்பதற்கு அதுவே அடையாளம்.

'செய்தவன் தானே குற்றவாளி, விற்ற எனக்கென்ன?' என்று கேட்கலாம். 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகு சாதனச் சட்டத்தின் 18-வது பிரிவு, போலி அழகு சாதனத்தைத் தயாரிப்பவரை மட்டுமல்ல, விற்பவரையும், விற்பதற்காக இருப்பு வைப்பவரையும் பிடிக்கும். அதே சட்டம் நேர்மையான வியாபாரிக்குக் கவசமும் தந்திருக்கிறது. முறையான லைசென்ஸ் உள்ள தயாரிப்பாளரிடமோ விநியோகஸ்தரிடமோ வாங்கியது, கெடுதல் இருப்பது தனக்குத் தெரியாது, விசாரித்தும் தெரிந்திருக்க முடியாது, சரியாக வைத்திருந்து வந்த நிலையிலேயே விற்றது, இவற்றை நிரூபித்தால் 19-வது பிரிவு அவரைக் காப்பாற்றும். நிரூபிக்க முதலில் வேண்டியது பில். பில் இல்லாத சரக்கை வாங்குகிறவர் அந்தக் கவசத்தைத் தானே கழற்றி வைக்கிறார்.

நியாயமான வியாபாரத்திலேயே இப்போது கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது. சிறு பாக்கெட் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா என்ற நீண்ட நாள் வரி வழக்கில், தலை எண்ணெய் என்று குறிப்பிட்டு விற்காத வரை அது சமையல் எண்ணெய்தான் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தலை எண்ணெய், ஷாம்பு, கட்டிக் குளியல் சோப்பு, பற்பசை ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஏழைக்குக் கட்டுபடியாகும் நல்ல சரக்கை நல்ல வழியிலேயே கொடுக்க இது உதவும். வரிக் குறைப்பு வாடிக்கையாளருக்குப் போய்ச் சேருவது நம் கடமை.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பயணத்துக்கான சின்ன அளவுச் சரக்கை ஒரே தட்டில் கண்ணில் படும்படி வையுங்கள். நலங்கு மாவுச் சரக்கைத் தொகுப்பாக வையுங்கள். மாதம் ஒரு முறை காலாவதித் தேதி பாருங்கள். காலி பாக்கெட் போட வாசலில் ஒரு கூடை வையுங்கள், நம் சரக்கின் குப்பை நம் தெருச் சாக்கடையை அடைப்பது நமக்கு அழகல்ல. தோள் பையோடு வருகிறவரிடம் முதலில் பில் கேளுங்கள். பில் கேட்டதும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், விட்டது தொல்லை என்று இருங்கள்.

அழகு சாதனத்தில் மட்டும் வாடிக்கையாளர் பொருளைச் சோதித்துப் பார்த்து வாங்க முடியாது. அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம், பருப்பைக் கடித்துப் பார்க்கலாம். முகத்தில் பூசுவதை நம் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக நாம் இருந்தால், எந்தக் கண்ணாடிக் கடை வந்தாலும் நம் கல்லா காலியாகாது.