பாலாத்தங்கரையில மூணு வகை தண்ணி

போன மாசம் சென்னையிலிருந்து சித்தப்பா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். வெயில்ல வந்த களைப்புல நேரா சமையல்கட்டுக்குப் போய் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடிச்சான். தங்கமணி ஓடிப்போய் டம்ளரைப் பிடுங்கிட்டாங்க. "ஐயையோ, அது போர் தண்ணி தம்பி!" பையன் முழிச்சான். அப்புறம் அவனுக்கு எங்க வீட்டுத் தண்ணி சாஸ்திரத்தை விளக்க வேண்டியதாப் போச்சு.

எங்க வீட்டுல மூணு வகை தண்ணி. போர் தண்ணி துணிக்கும் பாத்திரத்துக்கும். நகராட்சிக் குழாயில வர்றது சமையலுக்கு. கேன் தண்ணி குடிக்க. வாணியம்பாடியில பாதி வீட்டுல இதே கதைதான். இதுல அந்த நகராட்சிக் குழாய்த் தண்ணி எங்கிருந்து வருதுன்னு நினைக்கிறீங்க? மேட்டூர்ல இருந்து. காவிரித் தண்ணி! ஊருக்கு நடுவுல பாலாறு போகுது, நாங்க குழாய் வழியா மலை தாண்டி வர்ற காவிரியைக் குடிக்கிறோம். பையன் சிரிச்சான். எனக்கு சிரிப்பு வரலை. அதான் இந்தப் பதிவு.

பாலாறு நந்தி மலையில பிறந்து, கர்நாடகா, ஆந்திரா தாண்டி நம்ம பக்கம் வந்து வயலூர்கிட்ட கடல்ல சேர்ற ஆறு. மொத்தம் 348 கிலோமீட்டர். அதுல 222 நம்மகிட்டதான். மேல தண்ணி ஓடலைன்னாலும் மணலுக்கு அடியில ஊத்து இருக்கும், அதனாலதான் ரெண்டு கரையிலயும் அவ்வளவு கிணறு. எங்க அப்பாவுக்கு ஆத்தோரம் முக்கால் ஏக்கர் தென்னந்தோப்பு. நான் சின்னப் பையனா இருந்தப்போ அந்தக் கிணத்துல குதிச்சுக் குளிச்சிருக்கேன், தாகம் எடுத்தா அதே தண்ணியைக் குடிச்சிருக்கேன். பத்தாவது படிக்கும்போது அம்மா புலம்ப ஆரம்பிச்சாங்க, "இந்தத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குது". அப்புறம் சோப்பு நுரை வரலை. அப்புறம் இளநீர் சிறுத்துப் போச்சு. ஒரு நாள்ல நடந்திருந்தா அப்பா சண்டைக்குப் போயிருப்பார். பத்து வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா நடந்ததால பழகிட்டார்.

காரணம் ஊருக்கே தெரியும். டேனரி.

இதை எழுதுறதுக்கே எனக்குக் கொஞ்சம் கை நடுங்குது. ஏன்னா என் காலேஜ் ஃபீஸ்ல பாதி டேனரி காசு. அக்கா வீட்டுக்காரர் இருபத்தஞ்சு வருஷமா ஒரு டேனரியில சூப்பர்வைசர். பக்கத்து வீட்டு ரெண்டு பொண்ணுங்க ஷூ கம்பெனி வேன்ல காலையில ஏறுனா ராத்திரிதான் வருவாங்க, அந்தச் சம்பளத்துலதான் அந்த வீடு நிக்குது. டேனரி இல்லைன்னா இந்த ஊர் பஸ் நிக்கிற ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான். இது எனக்கு நல்லாத் தெரியும்.

அந்தக் காலத்துல ஆவாரம் பட்டை போட்டுத்தான் தோல் பதனிட்டாங்க. 1970களில், அரைகுறையாப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யறதுக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. இங்கேயே முழுசா முடிச்சு அனுப்பினா வேலைவாய்ப்பு பெருகும்ங்கறது கணக்கு. பெருகவும் செஞ்சது. கூடவே குரோம் வந்தது, தண்ணிச் செலவும் கழிவும் கூடிப்போச்சு. குரோமைக்கூட பிரிச்சு எடுக்கலாம், மறுபடி பயன்படுத்தலாம். பெரிய தலைவலி உப்பு. பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்பு போட்டுத்தான் வரும். ஊறப்போடும்போது அத்தனையும் தண்ணியில இறங்கும். இப்ப சுத்திகரிப்பு நிலையங்கள்ல ஆர்.ஓ. போட்டு, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்கி வைக்கிறாங்க. அந்த உப்பை வாங்க ஆளில்லை. மூட்டை மூட்டையாக் கிடக்கு. மாமா இதைச் சொல்லும்போது, "நாங்க என்னடா பண்றது, உப்பை முழுங்கவா முடியும்?"னு கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஆனா அதுக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா? என் வருத்தம் அங்கதான்.

2016-ல எல்லைக்கு அந்தப் பக்கம் புல்லூர் தடுப்பணையை ஆந்திரா உசத்தினப்போ எங்க ஊர் கொதிச்சது. எல்லாக் கட்சியும் கொடி பிடிச்சது. நானும் போனேன், தொண்டை கட்டக் கத்தினேன். தப்பே இல்லை, நம்ம பங்குத் தண்ணியைக் கேக்கத்தான் வேணும். ஆனா கத்திட்டு வீட்டுக்கு வர்ற வழியில ஆத்துப் பாலத்துல நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டேன் பாருங்க, அப்பத்தான் உறைச்சது. வர்ற தண்ணியைத் தடுக்கிறவனைத் திட்ட நூறு பேர் இருக்கோம். வந்த தண்ணியில கலக்கிறதைக் கேக்க ஒருத்தர் இல்லை. பெரிய மழை பெய்ஞ்சா ஆத்துல வெள்ளை நுரை கட்டும். மழையோட மழையா யாரோ திறந்து விட்டுட்டாங்கன்னு டீக்கடையில பேசிப்போம். யாருன்னு மட்டும் யாருக்கும் தெரியாது! அடுத்த நாள் எல்லாரும் மறந்துடுவோம். நான் உட்பட.

இத்தனைக்கும் எங்க பக்கத்துப் பிரச்னைக்கு உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட்லயே தீர்ப்பு சொல்லியாச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாவோ பாதியாவோ பாழாப் போச்சுன்னு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கு. மாசுபடுத்தினவங்கதான் நஷ்ட ஈடும் கொடுக்கணும், கெட்டதைச் சரிபண்ற செலவையும் ஏத்துக்கணும்னு சொன்ன தீர்ப்பு. நாடு முழுக்க சட்டம் படிக்கிற பசங்க இதை மனப்பாடம் பண்றாங்க. எங்க தெருவுல கேட்டா தெரியாது. அதுக்கப்புறம் அமைச்ச ஆணையம் 2001-ல கணக்குப் போட்டு, 29,000 சொச்சம் பேருக்கு 26 கோடி சொச்சம்னு நஷ்ட ஈடு நிர்ணயிச்சது. வகுத்துப் பாருங்க. ஒருத்தருக்குப் பத்தாயிரம்கூட வராது. ஒரு தென்னந்தோப்புக்கு! எங்க அப்பாவுக்கு அதுவும் இல்லை. பட்டா தாத்தா பேர்லயே இருந்தது, மாத்துங்கப்பான்னு எத்தனையோ தடவை சொல்லியும் மனுஷன் மாத்தலை. 2011-ல அவரும் போய்ச் சேர்ந்துட்டார்.

2025 ஜனவரி 30-ல மறுபடி உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. விட்டுப்போனவங்களுக்கும் அரசு நஷ்ட ஈடு கொடுக்கணும், அதைத் தொழிற்சாலைகள்கிட்ட வசூல் பண்ணிக்கணும், சுற்றுச்சூழல் சரியாகிறவரைக்கும் பொறுப்பு தொடரும்னு. பேப்பரைப் படிச்சதும் நான் பட்டாவைத் தேட ஆரம்பிச்சேன். இது மாமா காதுக்குப் போச்சு. அன்னைக்கு ராத்திரியே போன்.

"மச்சான், எதுக்கு இந்த வேலை? நாலு பேர் இப்படிக் கிளம்பினா சீல் வெச்சுட்டுப் போயிடுவான். அப்புறம் உங்க அக்கா சோத்துக்கு என்ன பண்ணுவா?"

இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லாம இருந்தது. இப்ப ஒண்ணு இருக்கு. 2015 ஜனவரி 31 விடியக்காலை ராணிப்பேட்டையில ஒரு சுத்திகரிப்பு நிலையத்தோட கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, பக்கத்து டேனரியில தூங்கிக்கிட்டிருந்த 10 பேர் சேத்துல மூழ்கிச் செத்தாங்க. பெரும்பாலும் மேற்கு வங்கத்துல இருந்து பிழைக்க வந்தவங்க. தண்ணியைப் பத்திக் கேட்டா தொழிலாளி வயித்துல அடிக்கிறோம்னு சொல்றவங்க, அந்தப் பத்து பேரை எந்தக் கணக்குல வைப்பாங்க? கழிவை ஒழுங்காக் கையாளலைன்னா முதல்ல அடி வாங்குறவன் அது பக்கத்துல படுத்திருக்கிறவன்தான். மாமாவும் கழிவுத் தொட்டிக்கு நூறடி தூரத்துலதான் இருபத்தஞ்சு வருஷமா உக்காந்திருக்கார்.

டேனரியை மூடுங்கன்னு நான் கேக்கலை. நான் கேக்கிறது ரொம்பச் சின்ன விஷயம். நகராட்சி ஆபீஸ் வாசல்ல ஒரு போர்டு. வார்டு வாரியா போர் தண்ணியில எவ்வளவு உப்பு, ஆத்துல எவ்வளவு, மாசா மாசம், தமிழ்ல. அவ்வளவுதான். தெரியாத வரைக்கும்தான் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கிட்டிருக்க முடியும். நம்பர் கண்ணுக்கு முன்னாடி இருந்தா, போன மாசத்தைவிட ஏன் ஏறுச்சுன்னு டீக்கடையில பேசுற பேச்சே வேற மாதிரி இருக்கும். ஒழுங்கா நடத்துற முதலாளிக்கும் அது நல்லதுதானே? இப்ப அவரையும் ராத்திரியில திறந்து விடுறவரையும் ஒரே தராசுலதான் ஊர் வைக்குது.

போர்டு வர்றப்ப வரட்டும்னு சில நூறு ரூபாய்க்கு பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன். (தங்கமணி அர்ச்சனை தனிப்பதிவு.) குடிதண்ணிக்கு 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும் போகலாம்ங்கறது அரசாங்க அளவு. எங்க வீட்டு போர் 2,000-ஐத் தாண்டி நின்னுச்சு. தோப்புக் கிணறு அதுக்கும் மேல. ஆனா ஒண்ணு, 2021 நவம்பர்ல பாலாத்துல கரைபுரண்டு வெள்ளம் போச்சே, அதுக்கப்புறம் கொஞ்ச நாள் அந்தக் கிணத்துத் தண்ணி நாக்குல வெச்சா கரிக்கலை. மீட்டர் அப்ப இல்லை, நாக்குதான் சாட்சி. அதனாலதான் எனக்கு இன்னும் நம்பிக்கை முழுசாப் போகலை.

தெருவுல ஏழெட்டு வீட்டுல அளந்து ஒரு நோட்டுல எழுதி வெச்சேன். விஷயம் அக்கா வழியா மாமாவுக்குப் போயிருக்கு. திட்டப்போறார்னு நினைச்சுக்கிட்டுத்தான் போனை எடுத்தேன்.

"ஏம்பா, அந்தப் பேனா மெஷினை ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வா. பசங்களுக்கு முடி கொட்டுதுன்னு உங்க அக்கா ஒரே புலம்பல். எங்க வீட்டு போரையும் பாத்துடு."

போகணும். பேட்டரி புதுசு போட்டு வெச்சிருக்கேன்.